அப்பா இல்லாத பெண்ணுக்குக் கையெழுத்து யார் போடுவது? ஆலய நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

ஆலயத் தலைவர் ஐயா அவர்களுக்கும், செயலாளர், பொருளாளர், இளைஞர் பகுதி, மகளிர் பகுதிப் பொறுப்பாளர்களுக்கும்,

வேலைவாய்ப்பு உதவி நிதிக்கு நீங்கள் கொண்டுவந்திருக்கும் புதிய விதிகளைக் கோயில் அறிவிப்புப் பலகையில் படித்தேன். அதையே படமெடுத்து வாட்சப் குழுவிலும் போட்டிருந்தீர்கள். வெளியூர் வேலைக்குப் போகும் ஆண்பிள்ளைகளுக்கு 3,000 மலேசிய வெள்ளி வட்டியில்லா முன்பணம். பெண்பிள்ளை கேட்டால் அப்பாவோ, அண்ணன் தம்பியோ, கணவரோ கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம் வேண்டும், போகிற ஊரில் உறவினர் இருப்பதற்கு ஆதாரம் வேண்டும், இரண்டும் இருந்தாலும் 1,000 வெள்ளிதான். மிச்சப் பணத்தில் பெண்களுக்குத் தையல் வகுப்பு, கேக் வகுப்பு, மணப்பெண் அலங்கார வகுப்பு. கடைசியில் இன்னொரு வரி இருக்கிறது, அதைப் பலர் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். எஸ்பிஎம் என்கிற ஐந்தாம் படிவத் தேர்வை முடித்துவிட்டு மேற்படிப்புக்குப் போகும் ஆண்பிள்ளைகளுக்கு இதுவரை கொடுத்து வந்த பதிவுக் கட்டண உதவியை நிறுத்துகிறீர்கள், வேலைக்குப் போக முன்வருகிற பையன்களுக்கே முன்னுரிமை என்று காரணமும் எழுதியிருக்கிறீர்கள்.

இந்த விதி யாரைத் தடுக்கும் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அது ஒரு பெண்ணைத் தடுத்துவிட்டது. பெயர் சொல்ல விரும்பவில்லை, உங்களுக்கே தெரியும். கணவர் இறந்த பிறகு செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்கி மூன்று பிள்ளைகளை ஆளாக்கிய அம்மா. மூத்தவள் எஸ்டிபிஎம் என்கிற ஆறாம் படிவத் தேர்வை முடித்துவிட்டு இங்கே மினி மார்க்கெட்டில் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறாள், மாதம் 1,700 வெள்ளி, அதாவது 2025 பிப்ரவரியில் இருந்து சட்டம் சொல்கிற குறைந்தபட்சச் சம்பளம் எதுவோ அது. சிங்கப்பூரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை கிடைத்திருக்கிறது. வேலை அனுமதிக்கு முன்கூட்டியே தருகிற ஒப்புதலான ஐபிஏ கடிதம் கைக்கு வந்துவிட்டது, அடிப்படைச் சம்பளம் 1,600 சிங்கப்பூர் வெள்ளி. அவர்களுடைய ஒரு வெள்ளி நம்முடைய மூன்று வெள்ளிக்கு மேல் போகிற காலத்தில் அந்தக் குடும்பத்துக்கு இது என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. பாஸ்போர்ட் எடுக்க 200 வெள்ளி, ஜொகூர் பாருவில் அறைக்கு முன்பணம், முதல் சம்பளம் வரும்வரை சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் காசு. அதற்காகத்தான் அந்த அம்மா உங்களிடம் வந்தார். "ஆம்பிளைக் கையெழுத்து இல்லாம குடுக்க முடியாதும்மா, நாளைக்கு ஒண்ணுன்னா யார் பதில் சொல்றது?" என்று கேட்டு அனுப்பியிருக்கிறீர்கள். தம்பி இருக்கிறான், பதினோரு வயது. அவன் வளர்ந்து கையெழுத்துப் போடும்வரை அவள் காத்திருக்க வேண்டுமா? மூன்று பிள்ளைகளையும் பள்ளியில் சேர்த்தபோது, ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது எல்லாம் செல்லுபடியான அந்த அம்மாவின் கையெழுத்து கோயில் அலுவலகத்தில் மட்டும் ஏன் செல்லவில்லை?

பெண்பிள்ளைகளின் பாதுகாப்புக்காகத்தான் என்று சொல்கிறீர்கள். சரி, பாதுகாப்பைப் பற்றியே பேசுவோம்.

என் அம்மா விடியற்காலை இருட்டில் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டப் போனவர். பாம்பு இருக்கும், பன்றி இருக்கும், தனியாக நிரையில் நிற்கும் பெண்ணிடம் வாலாட்டுகிற மண்டோரும், அதாவது மேற்பார்வையாளனும், இருப்பான். ரப்பரை அழித்துச் செம்பனை போட்ட பிறகு அம்மாவை மருந்தடிக்கிற வேலைக்கு மாற்றினார்கள். முதுகில் டின்னைச் சுமந்துகொண்டு, மூக்கில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு, பாராகுவாட் என்கிற களைக்கொல்லி மருந்தை அடித்தார். நகம் கறுத்து உரிந்தது, கண் எரிந்துகொண்டே இருந்தது. இந்த நாட்டில் பாராகுவாட்டை முழுசாகத் தடை செய்தது 2020 ஜனவரியில்தான். தோட்டத்தில் அந்த வேலைக்குப் பெரும்பாலும் பெண்களைத்தான் அனுப்பினார்கள் என்பது உங்களில் தோட்டத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். அப்போது எந்தக் கமிட்டியும் பெண்ணின் பாதுகாப்புக்காகச் சம்மதக் கடிதம் கேட்கவில்லை. தோட்டத்துக்குள்ளே உடம்பு நாசமானால் அது குடும்பத்துக்காகப் படுகிற பாடு, வெளியூரில் கௌரவமான வேலைக்குப் போனால் மட்டும் ஆபத்து என்று எப்படி ஏற்றுக்கொள்வது?

இது நேற்று வந்த வழக்கம் இல்லை. 1920களின் இறுதியில் தென்னிந்தியத் தோட்டத் தொழிலாளர்களுக்கு வெள்ளைக்காரன் நிர்ணயித்த நாள் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ஒரே வெயில், ஒரே மலைச்சரிவு, கூலியில் மட்டும் பத்துக் காசு குறைவு. நூறு வருஷம் கழித்து நம் கோயில் 3,000, 1,000 என்று எழுதுகிறது. வெள்ளைக்காரன் வைத்த வித்தியாசத்தைவிட நம்முடையது பெரிதாக இருக்கிறது ஐயா. எனக்கு இதை எழுதவே கஷ்டமாக இருக்கிறது.

நம் மண்டபத்தில் நேதாஜி படம் மாட்டியிருக்கிறோம். அவர் 1943இல் சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையை அமைத்தபோது கேப்டன் லட்சுமியின் கீழ் போய்ச் சேர்ந்தவர்களில் மலாயா ரப்பர் தோட்டத்துப் பெண்கள் ஏராளம். துப்பாக்கி பிடித்துப் பயிற்சி எடுத்து, பர்மா வரைக்கும் போனார்கள். அந்தத் தலைமுறைக்குப் பேத்திகளாகப் பிறந்தவர்கள் உட்லண்ட்ஸில் ஒரு தொழிற்சாலைக்குப் போக உறவினர் ஆதாரம் கேட்கிறோம்.

உறவினர் ஆதாரம் என்றால் என்ன என்பதை என் அனுபவத்தில் இருந்து சொல்கிறேன். எனக்கும் முதலில் வீட்டில் அனுமதி கிடைக்கவில்லை. அண்ணன் ஏற்கெனவே சிங்கப்பூரில் இருந்ததால் பிறகு ஒத்துக்கொண்டார்கள், "அண்ணன் இருக்கான், பாத்துக்குவான்" என்று. அண்ணன் செக்யூரிட்டி கார்டு, பன்னிரண்டு மணிநேர இரவு ஷிப்ட், தீவின் இன்னொரு மூலையில். நான் ஜொகூர் பாருவில் பெண்களோடு அறை எடுத்துத் தங்கி, விடியுமுன் கம்பெனி பஸ் ஏறி, சிங்கப்பூர்ப் பாலத்தைத் தாண்டிப் போய்வந்தேன். இருவரும் முகம் பார்த்துக்கொள்வதே தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். என்னைப் பார்த்துக்கொண்டவர்கள் என் அறைத்தோழிகள். லாபிஸ் பெண் ஒருத்தி, சுங்கை சிப்புட்டில் இருந்து வந்த அக்கா ஒருவர், மூவாரைச் சேர்ந்த மலாய்ப் பெண் ஒருத்தி. எந்த பஸ் நிறுத்தத்தில் நிற்கக் கூடாது, எந்த ஏஜெண்டிடம் போகக் கூடாது, சம்பளச் சீட்டில் எதைச் சரிபார்க்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்தது அவர்கள். ஒரு சூப்பர்வைசர் தொந்தரவு கொடுத்தபோது என்னோடு மேலாளர் அறைக்கு வந்தவரும் அந்தச் சுங்கை சிப்புட் அக்காதான். அண்ணனிடம் நான் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போ என்றுதான் சொல்லியிருப்பான், அப்படிச் சொல்லத்தான் அவனை வளர்த்திருந்தார்கள். ஆபத்து இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆபத்தைச் சமாளிக்க எனக்கு உதவியது விவரம் தெரிந்த பெண்கள், விண்ணப்பத்தாளில் இருந்த ஆண் பெயர் இல்லை.

இப்போது அண்ணனைப் பற்றி. இதைச் சொல்லாமல் விட்டால் என் மடல் பாதி மடல்தான்.

எஸ்பிஎம் முடிந்ததும் அவனுக்குப் பாலிடெக்னிக்கில் மின்னியல் படிக்க இடம் கிடைத்தது. ரேடியோவைப் பிரித்துப் பூட்டுவான், லயத்தில் யார் வீட்டு மின்விசிறி நின்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அந்த இடம் கிடைத்த கடிதம் வந்த வாரத்தில் வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் கேட்டது ஒன்றுதான்: "ரெண்டு தங்கச்சி இருக்கும்போது ஆம்பிளைப் பிள்ளைக்குப் படிப்பா?" அப்பா வாயே திறக்கவில்லை. அண்ணனும் வாதாடவில்லை. வாதாடினால் பொறுப்பில்லாதவன், பொம்பளை மாதிரி வீட்டில் உட்கார நினைக்கிறவன் என்று பேர் வரும் என்று அவனுக்குத் தெரியும். பதினெட்டு வயதில் சிங்கப்பூர் போனான். மோட்டாரில் நள்ளிரவிலும் மழையிலும் போய்வந்து, ஒரு தடவை லாரி உரசி விழுந்து, இன்றைக்கும் இடது காலைச் சாய்த்துத்தான் நடக்கிறான். என் கல்யாணச் செலவும் தங்கையின் கல்யாணச் செலவும் அவன் போட்டது. அவனுக்கு இப்போது வயது நாற்பத்தைந்துக்கு மேல். சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட்டில் இருப்பவர்களுக்குச் சிபிஎஃப் என்கிற சேமநிதி கிடையாது, அது அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும். இங்கே கேடபிள்யூஎஸ்பி என்கிற ஊழியர் சேமநிதியில் சொந்தமாகக் கட்டலாம் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை, சொன்னாலும் மாதக் கடைசியில் மிச்சம் இருந்ததில்லை. இத்தனை வருஷ உழைப்புக்கு வயதான காலத்துக்கென்று அவன் பேரில் ஒன்றும் இல்லை. அன்றைக்கு அவனுக்குக் கிடைத்திருக்க வேண்டிய பதிவுக் கட்டண உதவியைத்தான் நீங்கள் இப்போது நிறுத்தியிருக்கிறீர்கள், அவனைப் போன்ற இன்றைய பையன்களுக்கு.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தபோது போன் எனக்குத்தான் வந்தது. அந்தச் சமயத்தில் நான் லைன் லீடர், ஓவர்டைம் சேர்த்து அண்ணனைவிட என் சம்பளம் அதிகம். நான் வருகிறேன், நீ இரு என்று அண்ணனே சொன்னான். வீட்டில் யாரும் அதைக் காதில் வாங்கவில்லை, ஆம்பிளை வந்து அம்மாவுக்குக் குளிப்பாட்டுவானா என்று சித்தி கேட்டார். நான் ராஜினாமா செய்துவிட்டு வந்தேன். அம்மாவைப் பார்த்துக்கொண்டதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, இன்னும் நூறு தடவை பார்த்துக்கொள்வேன். ஆனால் வர விரும்பியவனை வரவிடாமல், வேலையில் மேலே வந்துகொண்டிருந்தவளைக் கூப்பிட்டு, அதை எங்கள் இருவரிடமும் கேட்காமலே முடிவு செய்தார்கள். போகச் சொல்வதும் இருக்கச் சொல்வதும் ஒரே கணக்கில் இருந்து வருகிறது: ஆண்பிள்ளை என்றால் மாதாமாதம் வரவேண்டிய பணம், பெண்பிள்ளை என்றால் வீட்டில் இருக்க வேண்டிய இரண்டு கை. உங்கள் புதிய விதி அந்தக் கணக்கைக் கோயில் முத்திரை போட்டு எழுதி வைத்திருக்கிறது.

இன்னொன்றும் நடக்கிறது, நீங்கள் கவனித்திருப்பீர்கள். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பையன் என்றால் பெண் வீட்டார் தேடி வருகிறார்கள். சிங்கப்பூரில் வேலை பார்த்த பெண் என்றால் தரகர் குரலைத் தாழ்த்துகிறார். அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் பாதிப் பெற்றோர் அனுப்ப மறுக்கிறார்கள். அந்தப் பேச்சை நிறுத்தச் சொல்லக்கூடிய இடத்தில் இருப்பவர்கள் நீங்கள்.

பையன்கள் விஷயத்தில் எனக்கு இதைவிடப் பெரிய பயம் உண்டு. "ஆம்பிளைப் பிள்ளை ஊர்ல சும்மா சுத்துறான்" என்கிற சொல் அவர்களை எப்படித் துரத்துகிறது என்று நினைத்துப் பாருங்கள். கம்போடியாவிலும் மியன்மாரிலும் நல்ல சம்பளம் என்று நம்பிப் போய் மோசடிக் கும்பல்களிடம் மாட்டிக்கொண்ட மலேசிய இளைஞர்களை மீட்டுக் கொண்டுவந்த செய்தி 2022 முதல் வந்துகொண்டே இருக்கிறது. நம் வட்டாரத்திலேயே ஒரு பையன் அப்படி டெலிகிராமில் வந்த வேலையை நம்பிப் பெட்டி கட்டிவிட்டான், மாமா ஒருவர் ஏர்போர்ட்டுக்குப் போய்க் கூட்டிவந்தார். ஏன்டா இப்படி என்று கேட்டதற்கு அவன் சொன்னது, "கோயில்ல எல்லாரும் எங்க வேலன்னு கேக்குறாங்க அக்கா, எத்தன நாளைக்கு இல்லன்னு சொல்றது." பையனுக்கு முன்பணம் கொடுக்கும்போது எங்கே போகிறாய், கடிதம் என்ன சொல்கிறது, யார் ஏஜெண்ட் என்று ஒரு கேள்வியும் உங்கள் விண்ணப்பத்தாளில் இல்லை. பெண்ணிடம் எல்லாவற்றையும் கேட்கிறீர்கள், அவனிடம் எதையும் கேட்கவில்லை. இரண்டு பேருமே நம் பிள்ளைகள்.

சட்டமும் நாடும் எங்கே இருக்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும். 2001இல் அரசியலமைப்பின் 8ஆவது விதியைத் திருத்தி, பாலினத்தின் பேரில் பாகுபாடு காட்டக் கூடாது என்று சேர்த்தார்கள். பெண்கள் இரவு வேலை பார்ப்பதற்கு 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் இருந்த தடையை 2023 ஜனவரி முதல் எடுத்துவிட்டார்கள். பாலியல் தொல்லைக்கு எதிராகத் தனிச் சட்டமே 2022இல் வந்தது. நம் ஜொகூரில் 2022 மார்ச் மாநிலத் தேர்தலில் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் முதல்முறையாக ஓட்டுப் போட்டார்கள், அவர்களிடம் ஓட்டுக் கேட்க உங்களில் சிலரும் வீடு வீடாகப் போனீர்கள். சட்டமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கப் போதுமான வயது, தன் வேலையைத் தேர்ந்தெடுக்கப் போதாதா? நாட்டில் வேலை பார்க்கும் வயதில் இருக்கும் ஆண்களில் 80 விழுக்காட்டுக்கும் மேல் வேலைச் சந்தையில் இருக்கிறார்கள், பெண்களில் 56 விழுக்காடு அளவில்தான். பொதுப் பல்கலைக்கழகங்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் பெண்கள். படித்து முடித்தவர்கள் எங்கே போனார்கள் என்பதற்கு நம் ஊரிலேயே வீட்டுக்கு வீடு பதில் இருக்கிறது.

இந்த நிதி எப்படி உருவானது என்பதையும் மறக்க வேண்டாம். கோவிட் காலத்தில் பாலத்தை மூடி, இரண்டு வருஷம் பிள்ளைகள் அங்கேயும் குடும்பங்கள் இங்கேயும் மாட்டிக்கொண்டோம். 2022 ஏப்ரலில் எல்லை முழுசாகத் திறந்தபோது, வேலை இழந்தவர்கள் மறுபடி போக உதவுவோம் என்று தொடங்கியது இது. முதல் தொகை மகளிர் பகுதி முறுக்கும் அதிரசமும் சுட்டு விற்ற காசு. இன்றுவரை மாதச் சந்தாவை வீடுகளில் வாங்கி வருவது பெண்கள். மகளிர் பகுதி அக்காமார்களை நான் நேராகவே கேட்கிறேன்: இந்த விதி எழுதிய கூட்டத்தில் உங்களில் யாரைக் கூப்பிட்டார்கள்? கூப்பிட்டிருந்தால் ஏன் பேசவில்லை?

தையல் வகுப்பை நான் குறைத்துப் பேசவில்லை. தைத்துப் பிழைக்கிறவர்கள் நம்மிடையே உண்டு, நல்ல தொழில். இங்கேயே இருக்க விரும்பும் பெண் இருக்கட்டும், அவளுக்கு உதவுங்கள். இங்கேயே இருக்க விரும்பும் பையனுக்கும் அதே உதவி கிடைக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். கேக் செய்யக் கற்றுக்கொள்ள ஆசைப்படும் பையன்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள், எனக்குத் தெரிந்தே இருவர். ஒயரிங் கற்றுக்கொள்ள ஆசைப்படும் பெண்களும் இருக்கிறார்கள்.

ஆகவே நான் கேட்பது இவை.

முதலில், அந்தப் பெண்ணின் விண்ணப்பத்தை அவள் வேலைக்குச் சேர வேண்டிய தேதிக்கு முன்னால் மறுபடி எடுத்துப் பாருங்கள். இது காத்திருக்க முடியாதது. அவள் கையெழுத்தையும் அவள் அம்மாவின் கையெழுத்தையும் ஏற்று, பையனுக்குக் கொடுக்கும் அதே 3,000 வெள்ளியைக் கொடுங்கள்.

அதன் பிறகு விதியையே மாற்றுங்கள். பதினெட்டு வயது நிரம்பிய யாருக்கும் அவரவர் கையெழுத்துப் போதும், சம்மதக் கடிதமும் உறவினர் ஆதாரமும் வேண்டாம், தொகை இருவருக்கும் ஒன்று. ஆண்பிள்ளைகளின் மேற்படிப்புப் பதிவுக் கட்டண உதவியை மறுபடி தொடங்குங்கள், பெண்பிள்ளைகளுக்கும் சேர்த்து. வகுப்புகளை எல்லோருக்கும் திறந்துவிடுங்கள்.

பாதுகாப்பு உண்மையிலேயே கவலை என்றால் அதற்குச் செய்ய வேண்டியது வேறு. முன்பணம் வாங்குகிற ஆண் பெண் எல்லோருக்கும், போவதற்கு முன் ஒரு நாள் கோயில் மண்டபத்தில் விளக்கக் கூட்டம் நடத்துங்கள். ஐபிஏ கடிதத்தில் சம்பளமும் பிடித்தமும் எங்கே எழுதியிருக்கும், சிங்கப்பூர் ஏஜெண்ட் அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் கட்டணம் வாங்கக் கூடாது, சம்பளம் வராவிட்டால் சிங்கப்பூர் மனிதவள அமைச்சில் எப்படிப் புகார் கொடுப்பது, கேடபிள்யூஎஸ்பியில் சொந்தமாக எப்படிக் கட்டுவது என்று அங்கே வேலை பார்த்துவிட்டு வந்த நாங்கள் சொல்லிக்கொடுக்கிறோம். இங்கிருந்து போனவர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்றை, அவரவர் சம்மதத்தோடு, புதிதாகப் போகிறவர்களுக்குக் கொடுங்கள், பெண்ணுக்குப் பெண்ணின் எண் கிடைக்கட்டும். விண்ணப்பத்தாளில் வேலைக் கடிதத்தின் நகலை ஆண்பிள்ளைகளிடமும் கேளுங்கள்.

நிதிக் குழுவில் வெளியூரில் வேலை பார்த்த பெண்கள் இருவரையும் இருபத்தைந்து வயதுக்கு உட்பட்ட இளைஞர்கள் இருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த விதிகள் பொதுக்கூட்டத்துக்கு வராமலே ஒட்டப்பட்டவை என்பதால், அடுத்த மாதத்துக்குள் சிறப்புப் பொதுக்கூட்டம் ஒன்றைக் கூட்டி உறுப்பினர்களின் ஓட்டுக்கு விடுங்கள். இந்த மடலுக்கான பதிலை எழுத்தில், அந்த விதிகளை ஒட்டிய அதே அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
மாதச் சந்தா கட்டும் உறுப்பினர் ஒருத்தி,
குளுவாங் வட்டாரம், ஜொகூர்